கரிசல் நிலத்துப் பச்சிலையும் மேனி நலமும்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் சித்திரைத் திங்களில் நடந்து செல்வோர், இரு மருங்கிலும் கரிய நிலம் வாய்பிளந்து கிடப்பதைக் காண்பர். கைவிரல் மட்டுமன்று, சில இடங்களில் கை முழுவதுமே நுழையும் அளவுக்கு அவ்வெடிப்புகள் ஆழ்ந்திருக்கும். கரிசல் மண்ணில் மிகுந்துள்ள நுண்களி மழைக்காலத்தில் நீரை உண்டு பருக்கும். கோடையில் அந்நீரை இழந்து சுருங்கும். சுருங்கும்போது நிலம் பிளக்கும். அந்நிலத்தில் உழைப்போரின் மேனிக்கும் இதுவே நிகழ்கிறது. பருத்திக் காட்டிலும் மிளகாய்க் காட்டிலும் வெயிலில் நின்றவர்களின் தோல் ஈரம் இழந்து வறளும், குதிகால் வெடிக்கும். மண்ணுக்கு மழை வரும்வரை காத்திருக்கலாம். மேனிக்கு அவ்வாறு காத்திருத்தல் இயலாது. ஆகவே இப்பகுதி மக்கள் வீட்டின் பின்புறத்தையும் காட்டின் வரப்பையும் நாடினர். ஆங்குக் கிடைத்த இலையும் பூவும் விதையும் அவர்களுக்கு மேனி காக்கும் பொருள்களாயின.

வறண்ட நிலத்தில் என்ன விளையும் என்று எவரும் எளிதாக எண்ணிவிடுதல் கூடாது. கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது; மானாவாரிப் பயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி அங்கு இன்றும் நடைபெறுகின்றது. திருநெல்வேலிச் சீமையின் வறள் நிலத்தில் விளையும் நிலாவிரை என்னும் மூலிகை, தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக மேலை நாடுகளுக்குச் சென்று, அந்நாட்டு மருந்து நூல்களில் 'திருநெல்வேலிச் சென்னா' என்று ஊர்ப்பெயரோடு இடம்பெற்றது. அது குடலுக்குரிய மருந்தாதலின் நம் பாடத்திற்கு நேரே தொடர்புடையதன்று. எனினும், நீர் குறைந்த நிலத்துச் செடிகளில் மருந்துச் சத்து மிகுந்திருத்தலுக்கு அதுவும் ஒரு சான்றாகும்.

மேனி நலம் பேணுதல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில், கடலாடு காதையில், மாதவி தன்னை ஒப்பனை செய்துகொண்ட முறையை இளங்கோவடிகள் விரித்துரைக்கின்றார். பத்து வகைத் துவர்ப்பொருள்களும், ஐந்து வகை நறுமணப் பொருள்களும், முப்பத்திரண்டு வகையான ஓமாலிகைப் பொருள்களும் ஊறிய நீரில் அவள் தன் கூந்தலைக் கழுவினாள் என்பது அங்கு வரும் செய்தி. அவள் செல்வம் மிக்க புகார் நகரத்தினள். கரிசற்காட்டுப் பெண்டிர்க்கு முப்பத்திரண்டு பொருள்களைத் தேடும் வாய்ப்பும் இல்லை. அதற்கு வேண்டிய ஓய்வும் இல்லை. ஐந்தாறு பொருள்களைக் கொண்டே அவர்கள் தம் தேவையை நிறைவு செய்துகொண்டனர். துவர்ப்பும் மணமும் சேர்ந்த நீராட்டு என்னும் முறை மட்டும் இரண்டிடத்தும் ஒன்றாகவே இருத்தல் நோக்கத்தக்கது.

அவ்வைந்தாறு பொருள்களுள் முதலிடம் ஆவாரைக்கே உரியது. இதனை நம் பழம்புலவர் ஆவிரை என்பர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் இதுவும் ஒன்று. காதலில் தோற்ற தலைவன் பனைமடலால் செய்த குதிரைமீது ஏறி ஊர்த்தெருவில் வரும்போது, ஆவிரம்பூ மாலையைச் சூடி வருவான் என்று அகப்பாடல்கள் கூறும். அன்று இகழ்ச்சிக்குரிய கோலத்திற்குப் பயன்பட்ட பூ, இன்று பொங்கலுக்கு முன்னாள் பல ஊர்களில் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்து வீட்டு இறவாணத்தில் காப்பாகச் செருகப்படுகின்றது. பூக்களுக்கும் இத்தகைய ஏற்றத்தாழ்வு உண்டு போலும்!

ஆவாரம்பட்டையைத் தோல் பதனிடுவோர் நெடுங்காலமாகப் பயன்படுத்தினர். அதிலுள்ள துவர்ப்புச் சத்து, விலங்கின் தோலிலுள்ள புரதத்தோடு பிணைந்து, அதனை அழுகாமல் இறுகச் செய்யும். அத்துவர்ப்புச் சத்து பூவிலும் உண்டு. ஆயினும் பட்டையைவிட மென்மையானது. ஆதலின், ஆவாரம்பூப் பொடியைப் பூசிக் கழுவியபின் மேனி சற்றே இறுகினாற்போன்ற உணர்ச்சி தோன்றும். எண்ணெய்ப் பசையும் வியர்வை நாற்றமும் குறையும். மணத்திற்காக மட்டும் அதனைச் சேர்த்தனர் என்று கருதுதல் பிழை.

குளியற்பொடி செய்யும் முறையைச் சிறிது விரிவாகவே கூறுவேன். பனி உலர்ந்த காலைப்பொழுதில் ஆவாரம்பூவைப் பறித்தல் வேண்டும். சாலையோரத்துச் செடியில் பறிக்கலாகாது. வண்டிகளின் புகையும் புழுதியும் அதன்மேல் படிந்திருக்கும். பூச்சிமருந்து தெளித்த காட்டின் வரப்பிலும் பறிக்கலாகாது. பறித்த பூவை வெள்ளைத் துணிமேல் பரப்பி நிழலிலே உலர்த்துக. வெயிலில் காய்ந்தால் பூ வெளிறும், மணமும் போகும். கையால் நொறுக்கினால் பொடியாகும் பதம் வந்தபின், பூ ஒரு பங்கு, தோல் நீக்காத பச்சைப்பயறு நான்கு பங்கு, கஸ்தூரி மஞ்சள் கால் பங்கு, உலர்ந்த வேப்பிலை ஒரு கைப்பிடி, கிடைத்தால் வெட்டிவேர் சிறிது ஆகியவற்றைச் சேர்த்துத் திரிகையில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்தல் வேண்டும். இந்நாளில் அரைவை இயந்திரத்தில் கொடுப்போரே மிகுதி. அங்ஙனம் கொடுப்பின், முன்னர் மிளகாய் அரைத்த இயந்திரமா என்று வினவிக்கொள்ளுதல் நலம். கரிசற்சீமையில் இதனை வினவ மறந்தவர் பட்ட எரிச்சலை அவரே அறிவர்.

சலிப்பதில் சோம்பல் கூடாது. பொடி சொரசொரப்பாக இருந்தால், தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் தோலில் விழும். ஈரமில்லாத கண்ணாடிக் கலத்தில் பொடியை இட்டு மூடி வைத்தால் இரண்டு மூன்று திங்கள் கெடாதிருக்கும். ஆயின், நீரோ தயிரோ சேர்த்துக் குழைத்ததை அன்றே பயன்படுத்தி முடித்தல் வேண்டும். கடையில் விற்கும் பூச்சுகளில் கெடாமல் காக்கும் பொருள்கள் கலந்துள்ளன. நம் குழைவில் அவை இல்லை. நேற்றைய குழைவில் நோய்நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். அதனை முகத்தில் பூசுதல், நோயை நாமே வருவித்துக்கொள்வதாகும்.

பயற்றுமாவு அழுக்கை எவ்வாறு நீக்குகின்றது? மாவின் நுண்துகள்கள் எண்ணெய்ப் பசையைத் தம்மேல் ஒட்டிக்கொள்ளும். நீர் விட்டுக் கழுவும்போது அதனோடு வெளியேறும். சோப்போ காரத்தன்மை உடையது. நம் தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சிறிது புளிப்புத்தன்மை வாய்ந்தது. காரம் மிகுந்தால் அத்தன்மை மாறும். தோலின் ஈரத்தைக் காக்கும் இயற்கை நெய்ப்பசையும் அளவுக்கு மீறிக் கரைந்துபோகும். முன்னரே வறண்ட தோலுக்கு இஃது இரட்டைத் துன்பம். இதனால் சோப்பே வேண்டா என்று கூறுகிறேன் அல்லேன். உண்ணுமுன்னும் மலங்கழித்த பின்னும் கைகளைச் சோப்பால் கழுவுதல் இன்றியமையாதது. அவ்விடத்தில் பயற்றுமாவு ஈடாகாது. தலைக்கு உசிலிலைத் தூளாகிய அரப்பும் சீயக்காயும் நுரை தருவன. குளத்துக் கரம்பை மண்ணைக் குழைத்துத் தலை முழுகிய வழக்கமும் இச்சீமையில் இருந்தது.

இனி, சோற்றுக்கற்றாழை. வாயிற்படியின்மேல் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் பல நாள் வாடாதிருக்கும் இயல்பினது இது. மடலைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றை ஏழு முறை நீரில் அலசுதல் வேண்டும் என்பது முதியோர் வாக்கு. ஏழு என்னும் எண் நோன்புக்குரிய எண் போலத் தோன்றும். ஆனால் அதனுள் காரணம் உண்டு. மடலின் பச்சைத் தோலுக்கும் உள்ளிருக்கும் சோற்றுக்கும் இடையே மஞ்சள் நிறமான கசப்புப் பால் ஊறுகின்றது. அது தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகும்; வயிற்றில் சென்றால் கழிச்சலை உண்டாக்கும். மடலை அறுத்தவுடன் வெட்டுவாய் கீழே இருக்குமாறு கால் நாழிகை நிறுத்தி வைத்தால் அப்பாலில் பெரும்பகுதி வடிந்துவிடும். பின்னர்த் தோல் சீவி அலசி எடுத்த சோறு, வெயிலில் கன்றிய மேனிக்குக் குளிர்ச்சி தரும்; ஈரத்தையும் காக்கும். தீப்பெட்டித் தொழில் மிகுந்த இவ்வூரில் ஒன்றை மறத்தல் ஆகாது. தீப்புண் பட்டவுடன் செய்யவேண்டுவது, ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் அவ்விடத்தைக் காட்டுதலே. மேலாகக் கன்றிய சிறு புண்ணுக்கு அதன்பின் கற்றாழை உதவும். கொப்புளம் பெரிதாயினும், தோல் வெந்து வெளுத்தாலும், எதனையும் பூசாமல் மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

மஞ்சளின் சிறப்பை நம் வீடுகளில் அறியாதார் இலர். அதன் நிறத்திற்குக் காரணமான குர்க்குமின் என்னும் பொருளை 1815-ஆம் ஆண்டில் வோகல், பெல்லத்தியே என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். நம் ஊர்ப் பாட்டிமார், அவர்களை ஆச்சி என்க, அப்பத்தா என்க, அவ்வா என்க, குர்க்குமின் என்னும் பெயரைக் கேட்டிலர். ஆயினும் புண்ணுக்கு மஞ்சள் பற்றிட அறிந்திருந்தனர். அவ்வறிவுக்கு 1995-இல் ஓர் இடையூறு நேர்ந்தது. அமெரிக்காவில், மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் இருவர், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். புதியதொன்றைக் கண்டுபிடித்தவருக்கே காப்புரிமை உரியது. ஆயிரம் ஆண்டுகளாக அடுப்பங்கரையில் இருப்பது புதியது ஆகுமோ?

நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் 1996-இல் அவ்வுரிமையை எதிர்த்து வழக்காடியது. அங்கே 'எங்கள் பாட்டி சொன்னார்' என்றால் ஏற்கமாட்டார்கள். எழுத்துச் சான்று வேண்டும். பழைய மருத்துவ நூல்களும், 1953-இல் இந்திய மருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்த கட்டுரையும் சான்றாக முன்வைக்கப்பட்டன. 1997-இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களைத் தாக்கும் பூஞ்சையை அழிக்கும் முறைக்கு ஐரோப்பாவில் வழங்கப்பட்ட உரிமையும் இவ்வாறே 2000-இல் நீக்கப்பட்டு, 2005-இல் மேல்முறையீட்டிலும் தோல்வியுற்றது. இவற்றின் பயனாக, 2001-ஆம் ஆண்டு முதல் நம் மரபறிவைத் தொகுத்து வைக்கும் மின்னூலகம் ஒன்று உருவாக்கப்பட்டது. தமிழ்ச் சித்த நூல்களின் செய்திகளும் அதில் இடம்பெற்றுள்ளன. இடைசெவல் ஊரினரான கி. ராஜநாராயணன், கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களைத் தொகுத்து 1982-இல் ஓர் அகராதியை வெளியிட்டார். அவர் 2021-இல் மறைந்தார். சொற்கள் ஏட்டில் நிற்கின்றன. செடியின் பயனும் அதன் பெயரும் வாய்மொழியாக மட்டும் இருந்தால், சொன்னவரோடு மறைந்துபோகும் அன்றோ?

குப்பைமேனி, தன் பெயரிலேயே தன் வரலாற்றை உடைய செடி. குப்பையில் முளைத்து மேனியைக் காப்பதால் இப்பெயர் பெற்றது என்பர். பூனைவணங்கி என்றும் இதற்கொரு பெயர் உண்டு. இதன் வேரைப் பறித்துப் போட்டால் பூனை அதனருகே வந்து புரண்டு மயங்கும். இலையை மஞ்சளும் சிறிது உப்பும் சேர்த்து அரைத்துச் சொறி சிரங்குக்குப் பூசிக் குளித்தல் நம் நாட்டு வழக்கம். அரிப்பு அதனால் தணிதல் உண்மை. ஆயினும் சிரங்கு என்பது தோலைத் துளைத்து உட்புகுந்து முட்டையிடும் ஒரு சிற்றுயிரால் வருவது. ஒருவர் மட்டும் பூசிக்கொண்டு, உடன் உறங்கும் தம்பியையும் தங்கையையும் விட்டுவிட்டால், நோய் மீண்டும் அவர்களிடமிருந்தே வரும். வீட்டிலுள்ளார் அனைவரும் ஒரே நாளில் மருத்துவம் செய்துகொண்டு, துணியையும் பாயையும் வெந்நீரிட்டு அலசி வெயிலில் இடுதல் வேண்டும். உலக நலவாழ்வு அமைப்பு 2017-இல் இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது. ஏழையர் குடிலில் மிகுதியாக வருவதால் இதனை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை என்பதே அதன் பொருள். குப்பைமேனியை உட்கொள்ளுதல் மட்டும் எச்சரிக்கைக்குரியது. பிறவியிலேயே ஒரு நொதி குறைந்த சிலர் இதனை உண்டு, குருதியின் செவ்வணுக்கள் சிதைந்து இடர்ப்பட்டதை இலங்கை மருத்துவர்கள் எழுதியுள்ளனர்.

வேப்பெண்ணெயும் அத்தகையதே. வெடித்த குதிகாலில் மஞ்சளோடு குழைத்துப் பூசினால் நலம் செய்யும். 'வயிற்றுப் பூச்சி சாகும்' என்று பச்சிளங் குழந்தைக்குப் புகட்டினால் உயிருக்கே ஊறு விளையும்; மலேசியாவில் அவ்வாறு குழந்தைகள் நஞ்சுற்ற செய்தி 1981-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. கொல்லையில் முளைத்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது. எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கொல்லையில் உள்ளனவே! அவை கண்ணில் பட்டால் பார்வை கெடும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால், தீப்பட்டதுபோல் தோல் கன்றிக் கருக்கும். மருதாணி தீங்கற்றது, 'கருமருதாணி' என்று திருவிழாக்களில் விற்பதில் கலக்கப்படும் சாயப்பொருளோ கொப்புளம் எழுப்பும். ஆகவே எதனையும் முதலில் முன்னங்கையின் உட்புறத்தில் ஒரு காசு அளவு பூசி, ஒரு நாள் கழிந்தபின் அரிப்போ சிவப்போ இல்லையாயின் மட்டுமே மேனிக்குப் பூசுதல் தக்கது.

கோடையில் எழும் வேர்க்குருவுக்கு நுங்கின் நீரைப் பூசுதலும் சந்தனம் இழைத்துப் பூசுதலும் குளிர்ச்சி தரும். வியர்வை வெளிப்படும் நுண்வழிகள் அடைபடுவதே வேர்க்குருவுக்குக் காரணம். அவ்வேளையில் எண்ணெயையோ தடித்த பூச்சையோ இடுதல், அடைபட்ட வாயிலை மேலும் அடைப்பதாகும். இருவேளைக் குளியலும் மெல்லிய பருத்தி ஆடையுமே அதற்குச் சிறந்த மருந்து. பருத்திக்கு நாம் வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை.

யான் ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில், பாடம் முடிந்ததும் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து, "ஐயா, ஆவாரம்பூப் பொடி தேய்த்தால் சிவப்பாகிவிடலாம் என்கிறார்களே, மெய்தானா?" என்று கேட்டாள். "இல்லையம்மா, தோலின் நிறம் அதனுள் இருக்கும் நிறமியால் அமைவது. பொடி அழுக்கை நீக்கும், நிறமியை நீக்காது. நீக்கவும் வேண்டா. அந்நிறமியே வெயிலிலிருந்து உன்னைக் காக்கும் குடை" என்றேன். அவள் முகம் தெளியவில்லை. அதனால் மறுநாள் சங்க இலக்கியத்திலிருந்து ஒன்றைச் சொன்னேன். தலைவியின் நலம் மிக்க மேனி நிறத்தைப் புலவர் மாமை என்றனர். அது மாந்தளிரின் நிறம். பிரிவால் அவள் வாடும்போது மேனியில் பரவும் வெளிறிய நிறத்தைப் பசலை என்றனர். வெளிறுதலை அவர்கள் அழகென்று எண்ணவில்லை. அழகை உண்ணும் நோயென்றே பாடினர். வெளுப்பே அழகு என்னும் எண்ணம் நம் பழம்புலவரிடம் பெற்றதன்று. இதனைக் கேட்டு அவள் சிரித்தாள்.

நிறம் மாற்றும் என்று விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கின்றது. அது தோலின்வழி உடலினுள் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை என்னும் பன்னாட்டு உடன்பாடு, அத்தகைய பூச்சுகளைத் தடுக்கும் நோக்கத்தையும் உடையது. மூலப்பொருள்களின் பெயர் எழுதப்படாத எந்தச் சிமிழையும் வாங்குதல் கூடாது.

பச்சிலையால் ஆகாதவை எவை என்பதையும் அறிதல் வேண்டும். மேனியில் எங்கேனும் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றினால், கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சின் நுனியாலோ இறகாலோ அவ்விடத்தைப் பிறர் தொடுமாறு செய்க. தொடுதல் தெரியவில்லையாயின் அது தொழுநோயின் தொடக்கமாக இருத்தல் கூடும். அதன்மேல் குப்பைமேனியையும் மஞ்சளையும் பூசிக்கொண்டு திங்கள் பல கழித்தோர், பின்னர்க் கைவிரல் மடங்கி வருந்தினர். நாள்பட்ட தோல்நோயைத் தக்காரிடம் காட்டுதல் வேண்டும். முறையாகக் கற்ற சித்த மருத்துவரும் உளர். பாளையங்கோட்டையில் 1964-இல் தோன்றிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி அவர்களை உருவாக்கி வருகின்றது. உணர்ச்சியற்ற தேமலுக்கோ காலம் தாழ்த்தாமல் அரசு மருத்துவமனையையே நாடுதல் வேண்டும். உலக நலவாழ்வு அமைப்பு 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து அங்கு விலையின்றிக் கிடைக்கின்றது. நோயின் நிலைக்கேற்ப ஆறு திங்களோ ஓராண்டோ அதனை உட்கொண்டால் நோய் முற்றும் நீங்கும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திற்குள்ளாகவே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுதலும் நின்றுவிடும். ஆதலின் அவர் வழக்கம்போல் பள்ளிக்கு வந்து நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து படிக்கலாம்.